துறைமுகம்: ஒன்று

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அந்தோணி கேட்டான். மென்பொருளை எப்படிக் கட்டுவது, எப்படிச் சோதிப்பது, எப்படி வெளியிடுவது என்பதையெல்லாம் அவனே சொல்லித் தருவான். என்னைவிட நன்றாகவும் பொறுமையாகவும் சொல்லுவான். என்னிடம் இருப்பது தப்புகள்தான். அத்தனையையும் எழுத உட்கார்ந்தால் உங்களுக்கும் ஓய்வு வயது வந்துவிடும். எனவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அதற்குமுன் ஒரு குட்டித் தப்பு, சாப்பாட்டுக்கு முன்னால் ஊறுகாய் மாதிரி.

நம்முடைய ‘கொண்டல்’ யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று நாம் தமிழில் கட்டித் தருகிற இயங்குதளம். உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் இதைக் கட்டியது நானும் அந்தோணியும் மட்டும்தான், கடற்கரைச் சாலையில் ஒரு மாடி அறையில். உள்ளே நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள். கடிதம் எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, சதுரங்கம் ஆட ஒன்று. இரண்டு பேர் அத்தனையையும் பராமரிக்க முடியாது. எதை ஜனங்கள் உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடலாம். தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில் எத்தனை முறை பதிவிறக்கம் ஆகிறது என்று எண்ணினோம். ஒரு மாதத்தில் தட்டச்சுப் பயிற்சி பேக்கேஜ் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மாவட்டமே தமிழ்த் தட்டச்சு படிக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிலோ மக்ரூன் வாங்கி, கீழே இருந்த லாரி ஆபீஸ்காரர்களுக்கும் கொடுத்தேன். பிறகு பார்த்தால் சாயர்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் லேப். அங்கே பிள்ளைகள் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று, சாயங்காலம் அணைத்ததும் எல்லா மிஷினும் பழைய நிலைக்குப் போகும்படி செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் அத்தனை மிஷினும் அந்த ஒரே பேக்கேஜை மறுபடி இறக்கும். நான் மாவட்டம் என்று நினைத்தது ஒரு அறை. மக்ரூன் தின்றவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை.

இறக்கியதை எண்ணினால் போதாது, வைத்திருப்பதை எண்ண வேண்டும் என்று முடிவானது. அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வாரம் ஒரு தடவை, தன்னிடம் இருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை நமக்கு அனுப்பும். பெயர் இல்லை, ஆபீஸ் இல்லை, ஏதோ ஒரு குருட்டு எண்ணும் ஊரும் மட்டும். கொண்டலை நிறுவும்போதே “பட்டியலை அனுப்பலாமா?” என்று ஒரு கேள்வி. அதில் ‘ஆமாம்’ முன்கூட்டியே டிக் ஆகியிருக்கட்டும் என்றேன் நான். வேண்டாதவர்கள் எடுத்துவிடட்டும், நமக்குக் கணக்கு கொழுக்கும்.

அந்தோணி ஒத்துக்கொள்ளவில்லை. “யாரு அதையெல்லாம் வாசிக்கா? கண்ணை மூடிட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிட்டுப் போவாக. கேக்காம எடுத்தா அது கணக்கு இல்லக்கா, சன்னல்ல எட்டிப் பாக்குறது.”

சண்டை போட்டோம். இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் ‘இல்லை’தான் டிக் ஆகியிருக்கும் என்று ஆனது. கணக்கு மெலிந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலின் அடியில் கிடப்பவற்றைக் கைவிடுவோம் என்று விதி போட்டு, அதை இணையப் பக்கத்திலும் எழுதி வைத்தோம்.

இனி பெரிய தப்பு. அது முழுக்க முழுக்க என்னுடையது. எண்கள் வர ஆரம்பித்ததும் எனக்கு ஊர்ப்பெருமை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடி எவ்வளவு, திருநெல்வேலி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். நாம் முந்தியிருந்தோம். அந்தச் சந்தோஷத்தில் மாவட்டத்தையும் ஊர் ஊராகப் பிரித்து, துறைமுகம், ஆத்தூர், சாயர்புரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, எந்த ஊரில் எந்த பேக்கேஜ் எத்தனை என்று கலர் கலராக வெளியிட்டேன். ஆத்தூரில் ‘சதுரங்கம்: 1’ என்று வந்தது. மறுநாளே அங்கே ஒரு வெற்றிலைக் கமிஷன் கடைக்காரரிடம், “என்ன அண்ணாச்சி, கடையில ஆள் இல்லாத நேரம் குதிரை ஓட்டுதியளாம்ல” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆத்தூரில் கொண்டல் வைத்திருந்தது மூன்றே பேர். மற்ற இரண்டு பேருக்கும் சதுரங்கம் தெரியாது. அவரே போன் போட்டுச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தக் கலர் பக்கத்தை எடுத்து, துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், பார்த்து மெச்சட்டும் என்று.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. முகவரி, வாயில் நுழையாத எழுத்துகள். வணக்கம்கூட இல்லை. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன், அதனால் மனப்பாடமாகவே சொல்ல முடியும்.

“துறைமுகம், திரைவாசிப்பான்: 1 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்று நான். கிளியரிங் ஆபீசில் சுங்க டிக்ளரேஷன் போடுகிறேன். ஒன்றரை வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, ஆபீசில் யாருக்கும் தெரியாது. திரையில் இருப்பதை அந்த பேக்கேஜ் படித்துக் காட்டுகிறது, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே வேலையை முடிக்கிறேன். ஆள் குறைவாக இருந்தால் கைவிட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கைவிட்டுவிடக் கூடாதே என்றுதான், பட்டியலை அனுப்பலாமா என்ற கேள்விக்கு நானே பிறகு ஆமாம் என்று மாற்றி வைத்தேன். என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. முதலாளி நேற்றிலிருந்து யார் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீக்கினால் எனக்கு வேலை செய்ய முடியாது. வைத்திருந்தால் வேலை இருக்காது.”

இத்தனை கண்ணியமாக என்னை யாரும் திட்டியதில்லை. பெயர் வைக்காமல் அனுப்புகிறோம், எனவே யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன ஊரில் ஒன்று என்ற எண்ணே போதும், பெயர் எதற்கு? எனக்கு இந்தத் தொழிலில் பாடம் சொன்னவர்களை எண்ணினால் முதல் ஆள் அவர்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

கலர் பக்கத்தை அந்த நிமிடமே எடுத்தேன். “மன்னித்துவிடுங்கள். எதையும் நீக்காதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள்” என்று பதில் போட்டேன். இரண்டு நாளில் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

பதினோரு மணிக்கு அந்த முதலாளி மாடிப்படி ஏறி வந்துவிட்டார். எனக்கு ஏழெட்டு வருஷப் பழக்கம். துறைமுகத்தில் கொண்டலை முதன்முதலில் நம்பிப் போட்டவரே அவர்தான். அவர் சொல்லித்தான் மற்ற ஏஜென்டுகள் வந்தார்கள், அவர் வேண்டாம் என்றால் போயும் விடுவார்கள். அவர் ஆபீசில் பதினொரு மேசை, பதினொன்றிலும் நாங்கள்தான் நிறுவிக் கொடுத்தோம்.

உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். “தங்கச்சி, துறைமுகத்துல உங்க சிஸ்டம் வச்சிருக்கது நாலு ஆபீசு. மத்த மூணு பேர்ட்டயும் கேட்டுட்டேன், அங்க இல்ல. அப்ப என் ஆபீசுதான். எந்த டேபிள்னு மட்டும் சொல்லுங்க.”

“எங்களுக்குப் பேரு வராது அண்ணாச்சி. வெறும் நம்பர்தான் வரும்.”

“பேரு வராதுன்னு தெரியும். ஆனா எந்த மிஷின்ல இருந்து, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சர்வர்ல பதிவாகும்னு என் மருமவன் சொல்லுதான். அவன் பெங்களூர்ல இந்த வேலதான் பாக்கான்.”

மருமகன் சொன்னது சரி. பட்டியலை வாங்கும் நம்முடைய நிரல் மிஷினையும் நேரத்தையும் குறித்து வைக்காது. ஆனால் அதற்கும் அடியில் இருக்கிற வெப் சர்வர், யாரும் சொல்லாமலே, யார் எப்போது வந்தார்கள் என்று ஒரு பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த நான் மறந்திருந்தேன். அந்தப் பதிவேட்டையும், எந்த மேசையில் எந்தத் தேதியில் நிறுவினோம் என்று அந்தோணி எழுதி வைத்திருந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நிறுவிய கிழமையிலேயே வாராவாரம் பட்டியல் வருவதால், பத்து நிமிடத்தில் மேசை தெரிந்துவிடும். அந்தோணி என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும் என்று தெரிந்தது.

அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை ரொம்ப சுலபமாகிவிடும். “நான் யாரையும் வஞ்சிக்கணும்னு கேக்கல” என்றார். “ஒரு கன்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்து மாறிப் போச்சுன்னா சரக்கு நாலு நாள் நிக்கும். பார்ட்டி எனக்குப் போன் போடுவான், அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்? கண்ணு தெரியாத ஆளை உக்கார வச்சிருக்கேன்னா?” குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அந்தோணி கீழே போய் டீ சொல்லிவிட்டு வந்தான். அந்த நேரத்தில் நான் யோசித்தது தர்மத்தை அல்ல, என் வாயை. என் வாய் எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். நாளைக்கு யாரும் இல்லாதபோது, சும்மா பார்த்து வைப்போம் என்று அந்தப் பதிவேட்டைத் திறப்பேன். பார்த்துவிட்டால் அடுத்த வாரம் அண்ணாச்சியின் ஆபீசுக்குப் போகும்போது அந்த ஒரு மேசையை மட்டும் பார்க்காமல் போவேன். அதுவே போதும், அவர் பிடித்துவிடுவார். எனவே கீபோர்டை இழுத்து, அவர் முன்னாலேயே பதிவேட்டை அழித்தேன். இனி எழுதாதே என்று சர்வருக்கும் சொல்லி வைத்தேன். அந்தோணியிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, அவர் ஆபீஸ் பக்கத்தைக் கிழித்தேன்.

“என்ன செய்யுதிய?” என்றார்.

“அண்ணாச்சி, நீங்க கேட்டது என்கிட்ட இருந்துச்சு. இப்ப இல்ல. வச்சிருந்தது என் தப்பு. இனிமே நீங்க கேட்டாலும், கலெக்டர் கேட்டாலும் எனக்குத் தெரியாது.”

முகம் சிவந்துவிட்டது. வந்த டீயைத் தொடவில்லை. “சரி. திங்கக்கிழமை காலைல ஒவ்வொரு மிஷினா நானே திறந்து பாக்கேன். எதுல இருக்குன்னு தெரிஞ்சிரும்லா” என்று எழுந்து போனார். படியில் இறங்கும்போது, கொண்டலை எடுத்துவிட்டுப் பழையபடி விண்டோசே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதாகவும் சொன்னார்.

அவர் போன பிறகு நான் வீரமாக உணர்ந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. பதிவேட்டை அழித்து என்னை நான் காப்பாற்றிக்கொண்டேன், அந்த ஆளை இல்லை. பதினொரு மிஷினில் ஒன்றில் மட்டும் அந்த பேக்கேஜ் இருக்கிறது, திங்கட்கிழமை அது தெரிந்துவிடும். அவர் தொடாத டீயை அந்தோணியே குடித்தான். பிறகு எனக்குச் சட்டென்று ஒரு கோபம் வந்தது. என் கோபங்களில் உருப்படியானவை இரண்டோ மூன்றோதான், அதில் இது ஒன்று.

“அந்தோணி, அதை அடிப்படைத் தொகுதியில சேரு” என்றேன். அடிப்படைத் தொகுதி என்பது எல்லா கம்ப்யூட்டரிலும் கட்டாயம் இருப்பது, சனிக்கிழமை அப்டேட்டில் தானாகவே எல்லோருக்கும் போய்ச் சேர்வது.

அவன் கணக்குக்காரன். “யக்கா, நிறையப் பேர் வச்சிருக்கதைத்தான் அதுல சேக்கணும்னு விதி போட்டதே நீங்கதான். பட்டியல்ல ஆகக் கடைசியில கெடக்கதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் போடச் சொல்லுதிய.”

“ஆமா. ஒரே ஒரு ஆள் வச்சிருக்கதுனாலதான் போடணும். எல்லார்ட்டயும் இருந்தா அது யாருக்கும் அடையாளம் இல்லல்லா.”

“சைஸ் பெருசுக்கா. டேட்டா தின்னும், ஏசுவாக” என்றான். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் அப்டேட் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் போன், ஆத்தூரிலிருந்து. அதே வெற்றிலை அண்ணாச்சி. “தங்கச்சி, எங்க கடைக் கம்ப்யூட்டர் தன்னால பேசுது. ‘வரவேற்கிறோம்’னு ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. ஏவாரத்துக்கு வந்தவுகள்லாம் எட்டி எட்டிப் பாக்காக.” அடுத்து சாயர்புரம் லேப். அங்கே முப்பது மிஷின் ஒரே நேரத்தில் வரவேற்றிருக்கிறது, பிள்ளைகள் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டு விளையாடுகிறார்களாம். அவசரத்தில், மிஷினைப் போட்டதும் குரல் ஒலிக்கும்படியே விட்டிருந்தோம். சோதித்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்பதை எல்லாப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். நானும்தான் படித்திருக்கிறேன். மாவட்டம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருந்தன. அந்தோணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பத்து மணிக்கு நான் பயந்த போன் வந்தது. எடுத்தேன். பின்னால் பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக எதையோ படித்துக்கொண்டிருந்தன.

“தங்கச்சி, பதினோரு மிஷினும் பேசுது” என்றார் அண்ணாச்சி. “என் ரூம்ல இருக்கதும் பேசுது.”

“மன்னிக்கணும் அண்ணாச்சி. மத்தியானத்துக்குள்ள நிப்பாட்டிருதோம். சத்தத்தை மட்டும்தான், பேக்கேஜ் இருக்கும்.”

“அது யாருன்னு நான் எங்கன போய்த் தேட?” என்றார். கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார். “ஒரு விசயம். மூக்குக் கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். சும்மா கேப்போமேன்னு வெள்ளிக்கிழமை போட்ட என்ட்ரி ஒண்ணை வாசிக்க விட்டேன். கன்டெய்னர் நம்பர்ல மூணு வரவேண்டிய இடத்துல எட்டுன்னு வாசிக்கி. பேப்பரை எடுத்துப் பாத்தா தப்பு நம்மகிட்டதான். போட்டது யாரு தெரியுமா? என் மச்சினன். கழுகுக் கண்ணு அவனுக்கு.”

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வம்.

“மத்த இடத்துல நிப்பாட்டுங்க, என் ஆபீசுல நிப்பாட்ட வேண்டாம்” என்றார். “அனுப்புறதுக்கு முன்னால எல்லாரும் ஒருக்கா காதால கேட்டுட்டு அனுப்பட்டும்.” விண்டோஸ் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு செய்ததெல்லாம் இன்றைக்கு நீங்கள் விதிமுறையில் படிக்கிறவை. ஊர்வாரிக் கணக்கு கிடையாது. பத்துக்குக் கீழே இருந்தால் எண்ணைப் போட மாட்டோம், ‘சிலர்’ என்று மட்டும் எழுதுவோம். சர்வர் பதிவேடு எழுதாது. அடியில் கிடப்பதைக் கைவிடும் முன் ஒரு மாதம் அறிவிப்புப் போட்டு, யாருக்காவது வேண்டுமா என்று கேட்போம். எல்லாம் ஏதோ பெரிய கொள்கை மாதிரி இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமையின் பயத்தில் எழுதியவை அவை. இதனால் நம் கணக்கு துல்லியம் குறைந்ததுதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்றே குறைத்தது.

அந்தப் பெயரில்லாத ஆளிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. வேலையில் இருக்கிறாரா, தானே விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியாமல் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அண்ணாச்சியின் ஆபீசுக்கு வேலையாகப் போக வேண்டி வந்தபோதெல்லாம் அந்தோணியை அனுப்பினேன். அவனும் போனோமா வந்தோமா என்று தலையைக் குனிந்துகொண்டே வருவான். இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நாலு மாதம் கழித்து, திரைவாசிப்பானுக்குப் புதிய தமிழ்க் குரல் ஒன்றைச் சேர்த்தோம். முன்னதைவிட இனிமையான குரல் என்று எனக்குப் பெருமை. அந்த வாரமே, வாயில் நுழையாத அதே முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல். இந்தத் தடவையும் வணக்கம் இல்லை.

“புதிய குரலில் பிழை இருக்கிறது. முந்திரிக்கொட்டைக்கான சுங்க எண் 08013100. இதை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். உங்கள் குரல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு, ‘எண்பது லட்சத்துப் பதின்மூன்றாயிரத்து நூறு’ என்று ராகமாகப் படிக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். சீக்கிரம் சரி செய்யவும்.”

அந்தோணி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். “ஒத்தைக் காதுல மாட்டிக் கேட்ட ஆளு. பக்கத்து டேபிள்ல உள்ளவுகளுக்கு எப்படிக்கா கேட்டுச்சு?” என்றான்.

கடைசி இரண்டு வரிகளை மட்டும் இருவரும் மறுபடி ஒருமுறை வாசித்தோம். பிறகு பூஜ்யத்தைச் சரி செய்ய உட்கார்ந்தோம்.